மறதியை அளந்த மனிதர்

காலை 6 மணிக்கு நம் குடியிருப்பைச் சுற்றி நடக்கும் மூத்தவர்கள் கூட்டத்தில் நானும் ஒருவன். முதல் சுற்றில் சர்க்கரை, இரண்டாவது சுற்றில் முழங்கால், மூன்றாவது சுற்று வரும்போது பேச்சு எப்படியும் மறதிக்கு வந்துவிடும். லிஃப்ட்டில் தினமும் பார்க்கிறவரின் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. எதற்கோ கீழே இறங்கி வருகிறோம், எதற்கு என்று பார்க்கிங்கில் நின்று யோசிக்கிறோம். சிரித்துக்கொண்டேதான் சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சிரிப்புக்கு அடியில் எல்லோருக்கும் ஒரே பயம்தான்.

மேலே வீடுகளில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். இரவு 12 மணிக்கும் விளக்கு எரிகிறது. நேற்று கடகடவென்று ஒப்பித்தது இன்று வரவில்லை என்று பிள்ளை அழுகிறது, அம்மா திட்டுகிறார். பால்கனிக் கதவு திறந்திருந்தால் அக்கம்பக்கத்துக்கும் கேட்கும்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் வேண்டியப்பட்ட ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்த இதழில் எழுத நினைத்தேன். பெயர் ஹெர்மன் எபிங்ஹாஸ். ஜெர்மானியர். மனிதர்கள் எப்படி மறக்கிறார்கள் என்பதை முதன்முதலில் கடிகாரம் வைத்து அளந்தவர். உளவியல் பாடம் படித்த யாரைக் கேட்டாலும் அவருடைய பெயர் தெரியும். ஆனால் அவர் வாழ்க்கையைப் பற்றி நம் மொழியில் அதிகம் படித்த நினைவு எனக்கு இல்லை. (நினைவு இல்லை என்பதை இந்தக் கட்டுரையில் எச்சரிக்கையாகத்தான் சொல்ல வேண்டும்.)

எபிங்ஹாஸ் 1850 ஜனவரி 24 அன்று பார்மன் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது பிரஷ்யா. இன்றைக்கு வுப்பர்டால் நகரத்தின் ஒரு பகுதி. துணி ஆலைகள் நிறைந்த தொழில் ஊர். கார்ல் மார்க்ஸின் நண்பர் எங்கெல்ஸ் பிறந்ததும் அதே ஊர்தான். எபிங்ஹாஸின் அப்பா வசதியான வியாபாரி. பையனுக்கு வியாபாரத்தில் மனம் போகவில்லை. 17 வயதில் பான் பல்கலைக்கழகத்தில் வரலாறும் மொழியியலும் படிக்கச் சேர்ந்தார், போகப் போகத் தத்துவத்துக்கு மாறினார். 1870இல் பிரான்சுடன் போர் வந்தது. படிப்பை நிறுத்திவிட்டுப் பிரஷ்யப் படையில் சேர்ந்தார். திரும்பி வந்து 1873இல் முனைவர் பட்டம் வாங்கினார். அடுத்த சில வருடங்கள் எந்த நிலையான வேலையும் இல்லை. பெர்லினில் கொஞ்சம் படிப்பு, இங்கிலாந்திலும் பிரான்சிலும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பு. இன்றைய கணக்கில் சொன்னால், டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர்.

அந்த நாட்களில் ஒரு பழைய புத்தகக் கடையில் அவர் கைக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. குஸ்தாவ் ஃபெக்னர் 1860இல் வெளியிட்ட உளப்பௌதிக நூல். கையில் இருக்கும் எடையை எவ்வளவு கூட்டினால் கூடியிருக்கிறது என்று மனம் உணரும், வெளிச்சத்தை எவ்வளவு குறைத்தால் கண் கண்டுகொள்ளும் என்பதையெல்லாம் கணக்காக எழுதியிருந்தார் ஃபெக்னர். உணர்ச்சியை எண்ணால் அளக்க முடியும் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய செய்தி. எபிங்ஹாஸ் அதோடு நிற்கவில்லை. உணர்ச்சியை அளக்கலாம் என்றால் ஞாபகத்தை ஏன் அளக்கக் கூடாது என்று யோசித்தார். பல வருடம் கழித்துத் தன் பெரிய நூலை அவர் ஃபெக்னருக்குத்தான் காணிக்கையாக்கினார்.

அவர் வேலையைத் தொடங்கிய 1879இல்தான் வில்ஹெல்ம் வுண்ட் லைப்ஸிக் நகரில் உளவியலுக்கென்று சோதனைக்கூடம் அமைத்தார். அந்த வுண்ட்டே, ஞாபகம் போன்ற உயர்ந்த மன வேலைகளைச் சோதனைக்கு உட்படுத்த முடியாது என்ற கருத்து உள்ளவர். எபிங்ஹாஸிடம் சோதனைக்கூடம் கிடையாது, உதவியாளர் கிடையாது, சோதனைக்கு வந்து உட்காரும் மாணவர்களும் கிடையாது. ஆகவே அவரே சோதனை செய்கிறவர், அவரே சோதிக்கப்படுகிறவர்.

முதல் சிக்கல், எதை மனப்பாடம் செய்வது? ஒரு பாட்டை எடுத்தால் அதில் பாதி முன்பே தெரிந்ததாக இருக்கும். சாதாரணச் சொல்லும் சரிப்படாது. மாமரம் என்று சொன்னால் எனக்கு ஊர்க் கொல்லை ஞாபகம் வரும், உங்களுக்கு ஊறுகாய் ஞாபகம் வரும். ஒவ்வொரு சொல்லும் பழைய நினைவுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதனால் அவர் பொருளே இல்லாத அசைகளை உண்டாக்கினார். ஒரு மெய், ஒரு உயிர், மறுபடி ஒரு மெய். நம் எழுத்தில் எழுதினால் நெப், ஸூக், கோஷ் என்பது மாதிரி இருக்கும். இப்படிச் சுமார் 2300 அசைகள். தற்செயலாகச் சில அசைகள் உண்மையான சொல்லாகவே அமைந்துவிடும். அதற்கெல்லாம் அவர் அதிகம் கவலைப்படவில்லை.

இந்த அசைகளைக் கலைத்துப் போட்டு எடுத்து வரிசையாக எழுதிக்கொள்வார். பிறகு கடிகாரத்தின் டிக் டிக் சத்தத்துக்கு ஏற்ப, நிமிடத்துக்கு 150 என்ற வேகத்தில், ராகம் போடாமல் ஒரே குரலில் படிப்பார். ஒரு தடவை தப்பில்லாமல் ஒப்பிக்க வரும் வரை திரும்பத் திரும்பப் படிப்பார். எத்தனை தடவை படித்தோம் என்று எண்ணினால் கவனம் சிதறும் அல்லவா? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஒரு கயிற்றில் மரப் பொத்தான்களைக் கோத்து வைத்திருந்தார், ஜெபமாலை மாதிரி. ஒரு தடவை படித்தால் ஒரு பொத்தானைத் தள்ளுவார். பத்தாவது பொத்தான் மட்டும் கறுப்பு. முடித்ததும் கயிற்றை ஒரு பார்வை பார்த்தால் கணக்கு வந்துவிடும். ஒரு வரிசை முடிந்தால் 15 விநாடி ஓய்வு, பிறகு அடுத்த வரிசை. எளிதாக ஞாபகம் வைக்கக் குறுக்குவழி எதையும் பயன்படுத்தக் கூடாது என்று தனக்குத்தானே கட்டுப்பாடு. வாழ்க்கையில் ஏதாவது பெரிய மாறுதல் வந்து மனம் குழம்பினால் சில நாள் சோதனையையே நிறுத்திவிடுவார்.

1879-80இல் ஒரு சுற்று முடித்தார். அவர் இடத்தில் நான் இருந்தால் உடனே புத்தகம் போட்டிருப்பேன். அவர் போடவில்லை. 1883-84இல் மறுபடி முதலிலிருந்து செய்து பார்த்து, எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்த பிறகுதான் 1885இல் ஞாபகத்தைப் பற்றிய அந்தச் சிறிய நூலை வெளியிட்டார். பொருளற்ற அசைகளை ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து வருடக்கணக்கில் ஒப்பித்துக்கொண்டிருந்தார் என்றால் வீட்டில் இருப்பவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இனி அவர் கண்டுபிடித்ததற்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் அவருடைய புத்திசாலித்தனம் எல்லாம் அளந்த விதத்தில்தான் இருக்கிறது.

ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் பதில் ஆம் அல்லது இல்லை என்றுதான் வரும். அவர் அப்படிக் கேட்கவில்லை. ஒரு பாடத்தை முதல் தடவை மனப்பாடம் செய்ய 1000 விநாடி ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அது சுத்தமாக மறந்துவிட்ட மாதிரி இருக்கிறது. சரி, மறுபடி மனப்பாடம் செய்யுங்கள். இந்தத் தடவை சுமார் 660 விநாடியில் வந்துவிடுகிறது. அப்படியானால் 340 விநாடி மிச்சம். அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது? மறந்துவிட்டதாக நாம் நினைத்ததில் ஒரு பங்கு உள்ளே இருந்திருக்கிறது. ஒரு சொல்கூட வாய்க்கு வராத நிலையிலும் அது வேலை செய்திருக்கிறது. இந்த மிச்சத்தைத்தான் அவர் அளந்தார்.

20 நிமிடம் கழித்துப் பார்த்தபோது மிச்சம் 58 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 44. சுமார் 9 மணி நேரத்தில் 36. ஒரு நாள் கழித்து 34. இரண்டு நாளில் 28, ஆறு நாளில் 25, ஒரு மாதம் ஆனபோது 21. கோடாக வரைந்தால் முதலில் கிணற்றுக்குள் விழுவது மாதிரி சரிகிறது, பிறகு மெல்லச் சமதரை ஆகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஆனால் ஆறாவது நாளுக்கும் முப்பத்தோராவது நாளுக்கும் இடையே அதிக வித்தியாசம் இல்லை. நேற்று ஒப்பித்த பிள்ளை இன்று திணறினால் அது சோம்பேறித்தனம் அல்ல, இந்தக் கோடுதான்.

ஒரே ஒரு ஆள், அதுவும் தானே, இந்த எண்களை நம்பலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2015இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதே முறையில், அதேபோல ஒரு ஆளை வைத்துச் சுமார் 70 மணி நேரம் மனப்பாடம் செய்ய வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய அதே கோடு வந்தது. இதற்கு நடுவே வேறு விதமான குறையும் சொன்னார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் எழுதிய நூலில், பொருளற்ற அசையை வைத்து ஞாபகத்தை ஆராய்வது வாழ்க்கைக்கு ஒத்துவராது, மனிதன் கதையையும் பொருளையும்தான் ஞாபகம் வைக்கிறான், அதையும் தனக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்கிறான் என்றார். அதுவும் சரிதான். எபிங்ஹாஸுக்கே இது தெரியும். பைரன் என்ற ஆங்கிலக் கவிஞரின் டான் ஹுவான் காவியத்திலிருந்து செய்யுள்களை எடுத்து மனப்பாடம் செய்து பார்த்தார். பொருளும் சந்தமும் இருந்ததால், அதே நீளமுள்ள அசை வரிசைக்கு ஆகும் உழைப்பில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ஆனது. புரியாமல் உருப்போட்டால் பத்து மடங்கு வேலை என்று திருப்பியும் வாசிக்கலாம்.

நீளத்தைப் பற்றியும் ஒரு கணக்கு வைத்தார். 7 அசை வரை ஒரே தடவை படித்தாலே ஒப்பிக்க வந்தது. 12 அசை என்றால் சுமார் 17 தடவை, 16 என்றால் 30 தடவை, 36 என்றால் 55 தடவை. ஏழிலிருந்து பன்னிரண்டுக்குப் போனதும் ஒன்றிலிருந்து பதினேழுக்கு எகிறுகிறது பாருங்கள்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான். 12 அசை வரிசை ஒன்றை ஒரே மூச்சில் 68 தடவை படித்துவிட்டு மறுநாள் சோதித்தார். இன்னொரு தடவை அதே அளவு வரிசையை மூன்று நாட்களில் பிரித்து, மொத்தமே 38 தடவை படித்துவிட்டு அடுத்த நாள் சோதித்தார். இரண்டிலும் விளைவு ஏறக்குறைய ஒன்றுதான். உட்கார்ந்து ஒரே இரவில் இடிப்பதற்கும் நாளுக்குக் கொஞ்சமாகப் படிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்த 30 தடவைதான். தேர்வுக்கு முதல்நாள் இரவு முழுக்கப் படிக்க வைப்பவர்கள் பிள்ளையின் உழைப்பில் கிட்டத்தட்டப் பாதியைத் தண்ணீரில் கரைக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் என் மகனுக்கு நான் இதைத்தான் செய்தேன். 25 வருடம் தாமதமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு விஷயம். மேலே கொடுத்த எண்களில் 9 மணி நேரத்துக்கும் ஒரு நாளுக்கும் நடுவே இழப்பு வெறும் 2 சதவீதம்தான். இது கோட்டில் சரியாகப் பொருந்தவில்லையே என்று அவருக்கே உறுத்தியது. அந்த இடைவெளியில்தான் தூக்கம் வருகிறது. 1924இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் இரண்டு மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். படித்துவிட்டுத் தூங்கினால், விழித்திருப்பதைவிடக் குறைவாகவே மறக்கிறது என்று தெரிந்தது. தூக்கத்துக்கும் ஞாபகத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இன்றுவரை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். இரவு 12 மணி விளக்குகளுக்கு இதுவும் சேர்த்தி.

புத்தகம் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. அமெரிக்காவில் வில்லியம் ஜேம்ஸ் பாராட்டினார். 1886இல் பெர்லினில் துணைப் பேராசிரியர் போன்ற ஒரு பதவி கிடைத்தது. 1890இல் இயற்பியலாளர் ஆர்தர் கோனிக்குடன் சேர்ந்து உளவியலுக்கென்று ஓர் ஆய்விதழ் தொடங்கினார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் போன்ற பெரியவர்கள் அதற்குத் துணை நின்றார்கள். ஆனால் அவர் அதிகம் எழுதவில்லை. ஞாபக ஆராய்ச்சியையும் மேற்கொண்டு பெரிதாகத் தொடரவில்லை, மற்றவர்களுக்கு விட்டுவிட்டார். பெர்லினில் முழுப் பேராசிரியர் பதவி 1894இல் கார்ல் ஸ்டும்ப்புக்குப் போனது. ஆய்வுக் கட்டுரைகள் போதாது என்பதே அவர் தவிர்க்கப்பட்டதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். இருந்த இடத்திலேயே முறுக்கிக்கொண்டு உட்காராமல் பிரெஸ்லாவ் நகருக்குப் போய்விட்டார். இன்றைக்கு அது போலந்தில் இருக்கும் விரோட்ஸ்வாஃப். அலுவலகத்தில் பதவி உயர்வு கைநழுவிப் போன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு, அதனால் அந்த ஊர் மாற்றத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு அவர் ரொம்ப நெருங்கியவராகத் தெரிந்தார்.

பிரெஸ்லாவில் அவருக்கு வந்த வேலை பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்டது. பிள்ளைகளைக் காலையில் தொடர்ந்து ஐந்து மணி நேரம் வகுப்பில் உட்கார வைத்தால் மூளை களைத்துப்போகிறதா என்று நகர நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதை அளக்க அவர் ஒரு தேர்வை உருவாக்கினார். ஒரு பத்தியில் இடையிடையே சொற்களை அழித்துவிட்டு, பொருள் வரும்படி நிரப்பச் சொல்வது. கோடிட்ட இடங்களை நிரப்புக என்று நம் பிள்ளைகள் வினாத்தாளில் பார்க்கிறார்களே, அதன் பெரிய அண்ணன். பின்னால் பிரான்சில் ஆல்ஃப்ரெட் பினே அறிவுத்திறன் தேர்வு அமைத்தபோது இதையும் சேர்த்துக்கொண்டார். இரண்டு சம அளவு வட்டங்களில் ஒன்றைச் சுற்றிப் பெரிய வட்டங்களும் மற்றொன்றைச் சுற்றிச் சிறிய வட்டங்களும் வரைந்தால் நடு வட்டங்கள் வேறு வேறு அளவில் தெரியும் இல்லையா, வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் அந்தப் படமும் இவர் பெயரில்தான் வழங்குகிறது.

1905இல் ஹாலே பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1908இல் எளிமையான ஓர் உளவியல் அறிமுக நூல் எழுதினார். நன்றாக விற்றது. 1909 பிப்ரவரி 26 அன்று நிமோனியாவில் இறந்தார். வயது 59. பெரிய நூலின் இரண்டாம் பாகம் முடியவில்லை, அதை வேறொருவர் முடித்துவைத்தார். மகன் யூலியஸ் எபிங்ஹாஸ் பின்னாளில் பெயர் பெற்ற தத்துவப் பேராசிரியர் ஆனார்.

இறப்பதற்குச் சில வருடம் முன்பு அவர் செய்த ஒரு சோதனையைக் கடைசியாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். இளமையில் மனப்பாடம் செய்த அந்தப் பைரன் செய்யுள்களை 22 வருடம் கழித்து மறுபடி எடுத்தார். ஒரு வரிகூட ஞாபகம் இல்லை. திரும்ப மனப்பாடம் செய்தார், பொத்தான் கணக்குதான். முன்பு எப்போதும் படிக்காத புதிய செய்யுள்களைவிட இவை சீக்கிரம் வந்தன. அதிலும், அந்தக் காலத்தில் ஒரே நாளில் படித்துவிட்டு விட்டதைவிட, பல நாள் திரும்பத் திரும்பப் படித்தவை இன்னும் சீக்கிரம் வந்தன.

என் மனைவி கல்யாணத்துக்கு முன் வீணை வாசித்தவர். 31 வருடம் உறை பிரிக்கவே இல்லை. போன வருடம் எதிர் வீட்டுக் குழந்தை கேட்டதற்காக எடுத்தார். எல்லாம் மறந்துபோச்சுங்க என்று என்னிடம் சொன்னார். முதல் வாரம் உண்மையில் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது வாரம் விரல்கள் தாமாகவே போக ஆரம்பித்தன. எனக்குப் பொறாமையாக இருந்தது.

நடைக் கூட்டத்து நண்பர்களுக்கு ஒன்று. எபிங்ஹாஸ் அளந்தது ஆரோக்கியமான மனிதனின் அன்றாட மறதியை. வீட்டுக்கு வரும் வழியே தெரியவில்லை, கேஸ் அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்றே தெரியவில்லை என்பதெல்லாம் வேறு கதை, அதற்கு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும், இந்தக் கட்டுரையை அல்ல. லிஃப்ட்டில் பார்க்கிறவர் பெயர் மறந்தால் இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாளும் கேளுங்கள், அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார், அவருக்கும் உங்கள் பெயர் மறந்திருக்கும்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை 10 மணிக்குக் கிளப் ஹவுஸில் இந்தச் சோதனையைப் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். பொருளற்ற தமிழ் அசைகளைச் சீட்டுகளில் எழுதி வைத்திருக்கிறேன். பழைய சட்டைகளிலிருந்து பொத்தான் பிரித்துக் கயிறும் கோத்தாகிவிட்டது, பத்தாவது பொத்தானுக்குக் கறுப்பு மட்டும் இரண்டு குறைகிறது. யாரிடமாவது இருந்தால் செக்யூரிட்டி அறையில் கொடுத்துவிடுங்கள்.